ஒபிதோஸில் முதலில் மதில் ஏறுங்கள்

போர்ச்சுகலின் ஒபிதோஸுக்குப் போனால், நீல ஓடுகள் பதித்த பெரிய வாசலுக்குள் நுழைந்ததும் கடைத்தெருவுக்குள் போய்விடாதீர்கள். பக்கத்துப் படியில் மதில்மேல் ஏறிவிடுங்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளும் இந்த மதில் ஊரையே சுற்றி வளைத்திருப்பதால், தேவாலயம், கோட்டை, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய 16ஆம் நூற்றாண்டு நீர்ப்பாலம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்தே தெரிந்துவிடும். அப்புறம் வழிகாட்டியே தேவையில்லை.

இறங்கியதும் சாந்தா மரியா தேவாலயம் போங்கள். 1441இல் சிறுவனாக இருந்த ஐந்தாம் அஃபோன்சோ மன்னருக்குத் திருமணம் நடந்த இடம். அருகிலுள்ள, குற்றவாளிகளைக் கட்டித் தண்டிப்பதற்கான தண்டனைத் தூணில் ஒரு மீன்வலை செதுக்கியிருக்கும், தவறவிடாதீர்கள். 1491இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்த இளவரசர் அஃபோன்சோவை மீனவர்கள் வலையில் கிடத்தித் தூக்கி வந்தார்களாம். அதன் நினைவாகத் தாய் லியொனோர் அரசி வலையைத் தன் சின்னமாக்கிக்கொண்டார். எனக்கு அந்த ஊரிலேயே மனதைத் தொட்ட கல் அதுதான்.

மதிலின் உட்பக்கம் கைப்பிடிச்சுவர் இல்லை. மழை நாளிலும், சின்னக் குழந்தைகளோடும், உயரம் கண்டால் தலைசுற்றுபவர்களும் ஏறவே கூடாது.