முடக்குவாதத்தோடு (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ஐ.டி.ஐ. சேர்கிறீர்களா?

விண்ணப்பிக்கும் முன் ஒர்க்‌ஷாப்பை நேரில் பாருங்கள். ஃபிட்டர் பிரிவில் முதல் மாதங்கள் பெரும்பாலும் அரம் பிடித்து இரும்பை ராவும் வேலை. வீங்கிய மணிக்கட்டு அதைத் தாங்குவது கஷ்டம். ஓராண்டுப் படிப்பான கோபா (கம்ப்யூட்டர்) உடம்புக்கு லேசு, ஆனால் விரல் மூட்டு வீங்குபவர்களுக்கு அதுவும் சும்மா இல்லை. கீபோர்டு முழங்கை உயரத்தில் இருக்கட்டும், மணிக்கட்டு மேலே வளையக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்து விரல்களை விரித்து மடக்குங்கள்.

இரண்டு ஷிப்ட் நடந்தால் மதியத்தைக் கேளுங்கள். காலை விறைப்பு பலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். மதியம் கிடைக்காவிட்டால் சீக்கிரம் எழுந்து கைகளை 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டுக் கிளம்பலாம்.

ஸ்க்ரூடிரைவர் பிடி மெலிசாக இருந்தால் விரல் அதிகம் இறுகும். பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பைச் சுற்றித் தடிமனாக்குங்கள்.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் குமட்டல், அசதி வருமென்றால் சனிக்கிழமை இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், திங்கட்கிழமை வகுப்பு கெடாது.

மாற்றுத்திறனாளி இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதம் உடல் பாதிப்பு என்ற சான்று வேண்டும். அதற்கான பரிசோதனையில் காட்டப் பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள்.