கிட்டில் டியூப் பிரீஆம்ப்: சாரல் ஊர்க்காரர்களுக்கு

டியூப் பிரீஆம்ப் என்பது வெற்றிடக் குழாயால் ஒலி சிக்னலை முதற்கட்டமாகப் பெருக்கும் கருவி; அதை நாமே சேர்க்கும் 12ஏஎக்ஸ்7 டியூப் கிட்டில் உயிருக்கு ஆபத்தானது 250 வோல்ட் டிசி. அந்த டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் அணைத்த பிறகும் சார்ஜ் தங்கும்; அதை வடிக்க, கிட்டில் இல்லாவிட்டாலும் அதற்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். அணைத்து இரண்டு நிமிடம் கழித்தும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

முதலில் ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை) வயரிங். 6.3 வோல்ட்டுக்கு 4, 5 பின்களைச் சேர்த்து ஒரு முனை, 9 மறுமுனை. சாக்கெட்டை அடியிலிருந்து பார்த்து, கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணுவதுதான் வழக்கமான தவறு. இரு வயரையும் இறுக்கமாக முறுக்கி, சேசிஸ் (உலோகப் பெட்டி) மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். இரு முனையிலிருந்தும் 100 ஓம் வீதம் கிரவுண்டுக்குக் கொடுத்தால் ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் 'ம்ம்' என்ற முனகல்) பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் கிரவுண்ட் வயர்கள் ஒரே புள்ளியில் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

டியூபில் எலக்ட்ரான்களை வாங்கும் ஆனோடுக்கு 100 கிலோ ஓம், அவற்றை வெளியிடும் கேத்தோடுக்கு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்றால் ஆனோடில் சுமார் 150–180 வோல்ட், கேத்தோடில் 1–1.5 வோல்ட் வரும். ஆனோடில் முழு 250 நின்றால் டியூப் கரண்ட் இழுக்கவில்லை: ஹீட்டரையோ கேத்தோடு சால்டரையோ சோதியுங்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால், சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெபாசிட்டர் அதைக் கசியவிடுகிறதா பாருங்கள்.

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் போர்டில் மிஞ்சிய ஃப்ளக்ஸ் (சால்டர் பசை) ஈரத்தை இழுக்கும். சிக்னல் நுழையும் கிரிட்டில் 1 மெகா ஓம் இருப்பதால் அந்தச் சிறு கசிவே இரைச்சலாகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துலக்கிக் காயவைத்த பிறகே டியூபைச் செருகுங்கள். வீட்டு மின்னழுத்தம் மாறக்கூடும் என்பதால் ஹீட்டர் வோல்ட்டேஜை மாலை நேரத்திலும் ஒருமுறை அளக்கவும்; 5.7–6.9க்குள் இருந்தால் போதும்.