ராத்திரி குடித்தது காலையில் ஊதினாலும் காட்டும்

சித்தப்பா மகனை பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் போலீஸ் நிறுத்தியபோது காலை ஆறரை மணி. முந்தின ராத்திரி நண்பன் வீட்டு மொட்டை மாடியில் விருந்து. ஒரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டார்கள். தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்து, விபூதி பூசிக்கொண்டுதான் வண்டியை எடுத்தான். பின்னால் சித்தப்பா, மடியில் பையோடு. மெஜஸ்டிக்கில் ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஊதச் சொன்னார்கள். மெஷின் 52 காட்டியது.

"சார், நேத்து ராத்திரி குடிச்சது சார்" என்று கெஞ்சினான். அது உண்மைதான். ஆனால் எப்போது குடித்தீர்கள் என்பது சட்டத்துக்குக் கணக்கே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அந்த 100 மில்லி கணக்கில் உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் கரைக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடலாம் குறையலாம். ஒரு மணிக்கு 135 இருந்தவருக்கு ஆறரைக்கு 50-க்கு மேல் மிச்சம் இருக்கும். பச்சைத் தண்ணீர்க் குளியல், கடுங்காப்பி, மோர், எலுமிச்சை எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. நம்மவர்களில் பாதிப் பேர் மாட்டுவது இந்த 'தூங்கி எழுந்தாச்சே' என்ற நம்பிக்கையில்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த தவறு, ஊத மறுப்பது. சந்தேகத்துக்கு இடமிருந்தால் மறுத்தவரை வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்ததே கோர்ட்டில் அவருக்கு எதிராக நிற்கும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். இது உங்கள் உரிமை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டிலேயே காசைக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். இது கோர்ட்டுக்குப் போகும் வழக்கு. முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி மாட்டினால் 15,000, சிறை இரண்டு வருடம் வரை. லைசென்ஸும் பறிபோகலாம். குடித்தவர் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்தவரும் தப்ப முடியாது. 188-ஆம் பிரிவில் உடந்தைக்கும் அதே தண்டனை.

இன்ஷூரன்ஸை யாரும் யோசிப்பதில்லை. குடித்து ஓட்டி நொறுக்கிய வண்டிக்கு கம்பெனி பணம் தர மறுக்கலாம் என்று 2021-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஊதிப் பார்க்கும் சோதனையே நடக்கவில்லை, ஆனாலும் தீர்ப்பு அப்படித்தான் வந்தது.

வண்டி ஓட்டாவிட்டாலும் இடம் பார்த்துக் குடியுங்கள். நம்மூர் வைன்ஸ் கடைக்கு பாட்டில் விற்க மட்டும்தான் லைசென்ஸ். வாசலில் பிளாஸ்டிக் கிளாஸோடு நின்று குடிப்பது எவ்வளவு சகஜமாகத் தெரிந்தாலும் சட்டப்படி தவறு. தெருவோரம் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் அது சொந்த இடமாகிவிடாது. பீகார் மதுவிலக்கு வழக்கு ஒன்றில், பொதுச் சாலையில் இருக்கும் சொந்தக் காரும் பொது இடமே என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ராத்திரி குடித்திருந்தால் மறுநாள் மதியம் வரை சாவியைத் தொடாதீர்கள். அல்சூரில் மெட்ரோ ஏறினால் நேராக மெஜஸ்டிக்கில் இறங்கலாம். அன்று சித்தப்பாவும் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக அதில்தான் போனார்.