பெங்களூரில் ஞாயிறு டிபன்: பத்து மணிக்குள் பெயர் கொடுங்கள்

காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக முடிக்க நினைத்து, சாவகாசமாக 11.30-க்குக் கிளம்புவதுதான் பலர் செய்யும் தப்பு. பழைய கடைகளில் காலை டிபன் மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். சில கடைகள் சாயங்காலம்தான் மறுபடி திறக்கும்.

காந்தி பஜாரில் 1943 முதல் இருக்கும் வித்யார்த்தி பவனில் நுழைந்ததும் காலி மேஜையைத் தேடாதீர்கள். முதலில் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிட்டு, கூப்பிடும் தூரத்திலேயே நில்லுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று நகர்ந்தால் முறை போய்விடும். இரண்டு பேராகப் போனால் சீக்கிரம் இடம் கிடைக்கும், ஆறு பேர் என்றால் பிரிந்து உட்காரத் தயாராக இருங்கள். மசால் தோசை தடிமனாக, வெளியே மொறுமொறுவென்று, நெய் வடிய வரும். அதற்குத் துணை தண்ணியான தேங்காய்ச் சட்னி. தோசையின் மேல் மொத்தமாக ஊற்றினால் ஊறிப்போகும், தொட்டுத்தான் சாப்பிட வேண்டும். பசி எவ்வளவு இருந்தாலும் முதலில் ஆளுக்கு ஒன்று போதும்.

லால்பாக் சாலையில் இருக்கும், 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். (மாவள்ளி டிபன் ரூம்ஸ்) என்றால் ரவா இட்லிதான், கூட வரும் நெய்யைச் சூடாக இருக்கும்போதே ஊற்றிவிடுங்கள். பக்கத்து லால்பாக் பூங்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போவது நல்ல கணக்கு.

சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாரை மட்டும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு விடுமுறை. அங்கே நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். சாம்பார் கேட்காதீர்கள், சட்னி மட்டும்தான்.