பிரிட்டன் வந்திறங்கிய டெல்டாக்காரர்களுக்கு: வீடு, சேமிப்பு, வாரிசுரிமை வரி

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கோ ஐடி வேலைக்கோ பிரிட்டன் வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை வீடு, பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு. வாரிசுரிமை வரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பல வருடம் கழித்து வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகுதான் அந்தப் பேச்சு வருகிறது. அப்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. வந்த புதிதிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊரில் இது பழக்கமில்லாத வரி. 1953-இல் கொண்டுவந்த, இதே மாதிரியான எஸ்டேட் வரியை இந்தியா 1985-இல் எடுத்துவிட்டது. பிரிட்டனில் அப்படி இல்லை. இறந்தவர் விட்டுப்போன வீடு, பணம், நகை எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து, 3,25,000 பவுண்டுக்கு மேல் இருப்பதில் 40 சதவீதம் வரி. குடியிருந்த வீடு பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ போனால் இன்னும் 1,75,000 பவுண்டு வரை விலக்கு. கணவன் மனைவிக்குள் கைமாறினால் பொதுவாக வரி இல்லை. முதலில் போனவர் பயன்படுத்தாத விலக்கு மற்றவருக்குச் சேரும். ஆக, ஒரு தம்பதியின் வீடும் சேமிப்பும் சேர்ந்து 10 லட்சம் பவுண்டு வரை வரியில்லாமல் பிள்ளைகளுக்குப் போகலாம். நூறு சாவில் ஐந்துக்கும் குறைவான குடும்பங்களே இந்த வரியைக் கட்டுகின்றன. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

இது நியாயமான வரியா? பெரிய சொத்துக்கு நியாயம்தான் என்பேன். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தின் கையில் ஊர் ஊராக நிலம் இருந்ததையும், அதில் உழுதவனுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததையும் நம் தாத்தாக்கள் பார்த்தார்கள். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரம் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றிருந்த வரம்பை 1970-இல் 15 ஆகக் குறைத்தார்கள். பினாமிப் பெயரில் தப்பிய நிலம் நிறைய. ஆனாலும் ஆறு மா, ஏழு மா (மூன்று மா சுமார் ஓர் ஏக்கர்) வைத்து குறுவையும் தாளடியும் போட்டுக்கொண்டிருந்த குடியானவனை அந்தச் சட்டம் தொடவில்லை. வரம்பு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

பிரிட்டன் தவறுவது அங்கேதான். அந்த 3,25,000 பவுண்டு 2009 ஏப்ரலில் வைத்த தொகை. குறைந்தது 2031 ஏப்ரல் வரை அதை ஏற்றப்போவதில்லை. இதற்கிடையே வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது. லண்டனில் பஸ் ஓட்டி, இரவு ஷிப்ட் பார்த்துக் கடன் அடைத்த ஒரு சாதாரண மூன்று படுக்கையறை வீடும் இன்று வரிக்கணக்குக்குள் வருகிறது. சட்டத்தைத் திருத்தாமல், தொகையை உறையவைத்தே வரியைப் பரப்புவது நேர்மையான வழி இல்லை. ஓய்வூதியத்திலும் இதே கதைதான். எடுக்காமல் விட்ட ஓய்வூதிய நிதி பெரும்பாலும் இந்த வரிக்கு வெளியே இருந்தது. 2027 ஏப்ரல் 6 முதல் உள்ளே வருகிறது. ஒரு விதியை நம்பி முப்பது வருடம் சேர்த்தவர்களுக்கு நடுவழியில் விதி மாறுகிறது.

அதைவிட எனக்கு வலிப்பது, குடும்பம் என்றால் யார் என்று இந்தச் சட்டம் போடும் கணக்கு. நம் பக்கத்தில் கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா தங்கை ஒரே வீட்டில் கடைசிவரை இருப்பதும், அண்ணன் மகனைத் தன் மகனாகவே வளர்ப்பதும் சாதாரணம். அக்கா பெயரில் 5,50,000 பவுண்டு வீடு, அது தங்கைக்குப் போகிறது என்று வையுங்கள். பிள்ளைகளுக்கான விலக்கு கிடையாது, தம்பதி விலக்கும் கிடையாது. 2,25,000 பவுண்டுக்கு 40 சதவீதம், 90,000 பவுண்டு. குடியிருக்கும் வீட்டையே விற்க வேண்டிவரலாம். ஜாய்ஸ், சிபில் பர்டன் என்ற இரண்டு ஆங்கிலேய சகோதரிகள் இதே காரணத்துக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2008-இல் தோற்றார்கள். அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம், என் மனம் ஏற்கவில்லை.

இனி ஊர்ச் சொத்து. கும்பகோணத்தில் அப்பா பெயரில் இருக்கும் வீடு உங்களுக்கு வந்தால் பிரிட்டனுக்கு வாரிசுரிமை வரி கட்ட வேண்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். இந்த வரி இறந்தவரின் சொத்துக்கணக்கைப் பொறுத்தது, அப்பா இந்தியாவிலேயே வாழ்ந்தவர். ஆனால் அது உங்கள் பெயருக்கு வந்தபின் நிலைமை வேறு. 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு பிரிட்டனில் வசித்தவரின் உலகச் சொத்து முழுவதும் கணக்கில் வரும். இங்கத்திய விவசாய நிலத்துக்கு உள்ள சலுகை பாபநாசத்து வயலுக்குக் கிடையாது. 1956-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட எஸ்டேட் வரி ஒப்பந்தம் இன்னும் செல்லும். அது சிலருடைய இந்தியச் சொத்தைக் காப்பாற்றும். உங்கள் நிரந்தர வாழிடம் இந்தியா என்று கருதப்படுமா, உயில் எந்த நாட்டுச் சட்டப்படி எழுதியது என்பதைப் பொறுத்தது அது. எனவே இந்தியச் சொத்துக்குத் தனி உயில் எழுதுங்கள். ஓர் உயில் மற்றதை ரத்து செய்யாதபடி வாசகம் இருக்கிறதா என்று இங்குள்ள வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

தம்பதியில் ஒருவர் முன்னே வந்து மற்றவர் பல வருடம் பின்னே வந்திருந்தால் கவனம். பத்தாண்டு முடித்தவர் முடிக்காதவருக்கு விட்டுப்போகும்போது அந்தத் தம்பதி விலக்கு 3,25,000 பவுண்டோடு நின்றுவிடும். அதை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வழி உண்டு. தம்பதி விலக்கு கல்யாணத்தை நம்பியது என்பதால், சுவாமிமலையில் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டவர்கள் அடுத்த லீவிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

சாவு நடந்த மாதத்துக்குப் பிறகு ஆறாவது மாதக் கடைசிக்குள் வரி கட்ட வேண்டும். வீட்டுக்குரிய பங்கைப் பத்து வருடத் தவணையில் கட்டலாம், வட்டி உண்டு.

“அப்பா இருக்கும்போதே இந்தப் பேச்சா?” என்று சித்தப்பா கோபப்படுவார். படட்டும். பத்தாண்டு முடியுமுன் ஒரு லீவில் அண்ணன் தங்கையோடு உட்கார்ந்து, வயலை யார் பார்க்கிறார்கள், யாருக்கு எது என்று பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். எழுதிய கையோடு பட்டாவையும் மாற்றி, நகலை இங்கே கொண்டுவந்து வையுங்கள்.