பரணில் கிடக்கும் இசைத்தட்டுகளைப் பூசண வாடை இல்லாமல் கொண்டுவர

ஊருக்குப் போகும்போது தாத்தாவின் பழைய இசைத்தட்டுகளை எடுத்துவர நினைக்கிறீர்களா? கிளம்புவதற்கு முந்தின நாள் பரணில் ஏறாதீர்கள், போய் இறங்கிய மறுநாளே ஏறுங்கள். வாடை போக இரண்டு வாரமாவது பிடிக்கும். கும்பகோணத்தில் கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டிய எங்கள் சித்தப்பாவின் தட்டுகளில் பத்தை நான் அப்படியே பெட்டிக்குள் வைத்து டொராண்டோவுக்குக் கொண்டுவந்தேன், கூடவே இருந்த பட்டுப்புடவை வரை வாடை ஏறிவிட்டது, ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைக்கவும் வழியில்லை.

கடையில் வாங்குவதென்றால் சென்னை சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் தேடிப் பாருங்கள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் அங்கிருந்த வியாபாரிகள் போன இடம் அது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதோடு உறையையும் மோந்து பாருங்கள், ஏனென்றால் வாடை பெரும்பாலும் தட்டில் இல்லை, அட்டை உறையிலும் உள்ளே இருக்கும் காகிதத்திலும்தான் இருக்கிறது.

முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்துப் பூசணத்தை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். வெறும் காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடலாம். அட்டை உறையை இளவெயிலில் அரை மணி நேரம் காட்டினால் போதும், அதற்கு மேல் போனால் படம் வெளுத்துவிடும். தட்டை மட்டும் வெயிலில் வைக்கவே கூடாது, நெளிந்துபோகும்.

கழுவுவதற்கு முன் அது எந்தத் தட்டு என்று பாருங்கள். கனமாக, பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடுகிற 78 வேகத் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று) பெரும்பாலும் அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் நொறுங்கும். அதன்மேல் ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். நான் ஒன்றை அப்படித் துடைத்தபோது துணியெல்லாம் கறுப்பாகிவிட்டது, அந்தப் பாட்டு போனது போனதுதான். பக்கத்துக்குப் பல பாட்டு ஓடுகிற எல்பி தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து துடைக்கலாம். லண்டன்காரர்கள் கவனிக்க: அங்கே பார்மசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் உண்டு, அது ஆகாது.

இரண்டு வகைக்கும் பொதுவானது டிஸ்டில்டு வாட்டரும் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டும்தான். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு தட்டின் வரிப்பள்ளங்களுக்குள் படிந்துவிடும். நடுவில் இருக்கும் லேபிளை நனைக்காமல், வரி ஓடுகிற வாக்கிலேயே வட்டமாக மெதுவாகத் துடைத்து, சுத்தமான டிஸ்டில்டு வாட்டரால் அலசி, தட்டு ஸ்டாண்டில் நிற்கவைத்து ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். அரக்குத் தட்டை ஊறவைக்க வேண்டாம். டிசம்பரில் போகிறவர்கள், வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் எதுவும் சீக்கிரம் உலராது, ஏசி அறை இருந்தால் அங்கே வையுங்கள்.

அட்டை உறைக்குத்தான் பொறுமை வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் உறைகளை வாய் விரித்து நிறுத்தி, ஓரத்தில் ஒரு கிண்ணம் ஆப்பசோடாவும் இன்னொன்றில் அடுப்புக்கரியும் வையுங்கள், உறைமேல் தூவ வேண்டாம். நாலைந்து நாளுக்கு ஒருமுறை சோடாவை மாற்றுங்கள். வீட்டில் பெரியவர்கள் பாச்சை உருண்டை போடச் சொல்வார்கள், சாம்பிராணி காட்டச் சொல்வார்கள், அன்பாக மறுத்துவிடுங்கள்: பூசண வாடையோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். இரண்டு வாரம் கழித்தும் போகாத உறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஊரிலேயே விட்டுவிடுவது நல்லது, அப்படி ஒன்றைச் சேர்த்துக் கொண்டுவந்தால் மற்றதிலும் வாடை ஏறும்.

உறையோடு ஒரு எல்பி கால் கிலோ வரும், பத்து என்றால் இரண்டரை கிலோ. புது உள்ளுறை போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து, கையில் கொண்டுபோகிற பையில் நிற்கவைத்து அடுக்குங்கள். விமான நிலையம் போகிற வழியில் சாப்பிட நிறுத்தினால் பையையும் கூடவே எடுத்துக்கொண்டு இறங்குங்கள், வெயிலில் நிற்கிற காருக்குள் வினைல் தாங்காது.