லாட்டிட்யூடுக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா? கச்சேரிக்குப் போவது போல் கிளம்பாதீர்கள்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில், சவுத்வோல்டு என்ற கடற்கரை ஊருக்குப் பக்கத்தில், ஹென்ஹாம் பார்க் என்று ஒரு பழைய எஸ்டேட். 2006-இல் தொடங்கிய லாட்டிட்யூட் விழா அங்கேதான் ஜூலை மாதத்தில் நடக்கிறது. பாட்டு, நாடகம், கவிதை, நகைச்சுவை எல்லாம் உண்டு. குழந்தைகளுக்குத் தனி இடமும் உண்டு. எஸ்டேட் என்றதும் மாளிகையைத் தேடாதீர்கள். அதை 1953-லேயே இடித்துவிட்டார்கள். இருப்பது புல்வெளி, காடு, ஏரி, விழாவுக்காகச் சாயம் பூசிய செம்மறியாடுகள்.

முதல்முறை போகிறவர்கள் யார் பாடுகிறார்கள் என்று பார்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். சரி, எடுங்கள். ஆனால் மூட்டை கட்டும்போது பாட்டை மறந்துவிடுங்கள். நான்கு நாள் புல்தரையில் குடித்தனம் நடத்தப் போகிறீர்கள்.

நாங்கள் செய்த முதல் தவறு, புது டென்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கொண்டுபோனது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து டென்ட் போடும் இடத்துக்கு நல்ல நடை. இரண்டு நடையில் எல்லாவற்றையும் சுமந்து சேர்த்து, பெட்டியைத் திறந்தால் எந்தக் கம்பி எந்த ஓட்டையில் போகும் என்றே புரியவில்லை. முளை அடிக்கச் சுத்தியல் இல்லை, செருப்பால் அடித்தோம். கடைசியில் பக்கத்து டென்ட்காரர் பரிதாபப்பட்டு ஒரு ரப்பர் சுத்தியல் கொடுத்தார். வீட்டுத் தோட்டத்திலோ பூங்காவிலோ ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். மடக்கும் தள்ளுவண்டி ஒன்றும் வாங்கிவிடுங்கள். சாமானும் ஏறும், சாயங்காலம் தூங்கிவிட்ட பிள்ளையும் ஏறும்.

ஜூலைதானே என்று கம்பளியை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும், ராத்திரி 12 டிகிரிக்கு இறங்குவது அங்கே சகஜம். குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்து நாங்கள் போர்வைமேல் போர்வையாகப் போர்த்தினோம். அது கீழிருந்து வருகிறது. காற்றடைத்த மெத்தைக்குள் இருக்கும் காற்றும் தரையோடு சேர்ந்து சில்லிட்டுவிடும். ஒரு போர்வையை மெத்தைமேல் விரித்து, அதன்மேல் படுங்கள்.

அடுத்தது தூக்கம். அந்த மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். ராத்திரி ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும். "பிள்ளைகள் எட்டுக்குத் தூங்கிவிடுவார்கள், அப்புறம் நாம் போய்ப் பார்க்கலாம்" என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. முதல் நாள் டிக்கெட்டைக் காட்டி வாங்கும் கைப்பட்டையை மாட்டிக்கொண்ட வேகத்தில் எல்லா மேடைக்கும் ஓடினால், மறுநாள் மத்தியானமே குழந்தை தரையில் புரண்டு அழும். ஒரு நாளைக்கு நிச்சயம் பார்க்க வேண்டியது இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரம் மரத்தடியிலும் ஏரிக்கரையிலும் தானே போய்விடும்.

சின்னக் குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் காதுக்கவசம் கட்டாயம் வேண்டும். பஞ்சு வைத்தால் போதாது. அங்கே போய்த்தான் முதன்முதலில் மாட்டுவேன் என்றால் பிடுங்கி எறிந்துவிடும், வீட்டிலேயே பழக்குங்கள்.

தொலைந்துபோனால் போன் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். ஒரே வயலில் பல்லாயிரம் பேர் கூடும்போது நெட்வொர்க் திணறும். பிள்ளையின் கைப்பட்டையில் உங்கள் எண்ணை எழுதுங்கள். காலையில் கிளம்பும்போது ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்பதுகூட மறந்துபோகும், எனக்கு மறந்திருக்கிறது. சந்திக்கும் இடம் பெரிய மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம். கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்த இடமே தெரியாது.

சாப்பாட்டுக் கடைகள் ஏராளம், ஆனால் நான்கு பேருக்கு மூன்று வேளை வாங்கினால் பர்ஸ் காலி. முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், கண்ணாடிப் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள்.

திங்கள் காலை பனியில் நனைந்த டென்டைச் சுருட்டிக் காரில் போடுவீர்கள். வீட்டுக்கு வந்த அலுப்பில் அதை அப்படியே லாஃப்டில் ஏற்றாதீர்கள். துணிக்கொடியில் இரண்டு நாள் தொங்கட்டும். இல்லையென்றால் அடுத்த ஜூலையில் பிரிக்கும்போது பூஞ்சை நெடி மூக்கைத் துளைக்கும்.